முன்பதிவுப் பணம் வாங்கியாயிற்று. இனி ஆதரவாளர்களுக்கு நிலவரம் சொல்வது எப்படி?

வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கிப் புத்தகம் போடுவது தமிழுக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இதற்குக் 'கையொப்பம்' என்று பெயர். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது இப்படிக் கையொப்பம் வாங்கித்தான் அச்சுச் செலவுக்கு வழி தேடினார். இன்று அதையே முன்வெளியீட்டுத் திட்டம், முன்பதிவு, கூட்டுநிதி என்று பல பெயர்களில் சொல்கிறோம். யு.பி.ஐ. வந்த பிறகு பணம் சேர்வது ஒரு வாரத்து வேலை. புத்தகம் கைக்கு வருவதற்கோ ஆறு மாதம் ஆகும், ஒரு வருடமும் ஆகும். அந்த இடைவெளியில் எழுத்தாளர் வாய் திறக்காமல் இருந்தால், புத்தகம் எவ்வளவு நன்றாக வந்தாலும் அடுத்த நாவலுக்குப் பணம் கட்ட ஆள் இருக்காது.

தாமதம் எல்லா ஊரிலும் உண்டு. கிக்ஸ்டார்ட்டர் என்ற அமெரிக்கக் கூட்டுநிதித் தளத்தில் பணம் திரட்டிய வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களைப் பற்றி ஈதன் மோலிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். முக்கால் பங்குக்கு மேற்பட்ட திட்டங்கள் சொன்ன தேதியைத் தாண்டியிருந்தன. அவரே 2015-இல் எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, கடைசிவரை பொருளைத் தராமலே போனவை சுமார் 9 விழுக்காடுதான். ஆகப் பெரும்பாலோர் தாமதமாகவாவது தருகிறார்கள். ஆனால் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்குத் தாமதிப்பவர் யார், தராமல் போகப்போகிறவர் யார் என்று தெரியாது. நிலவரக் கடிதம் இல்லாவிட்டால் இருவரும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான்.

முதல் நாவலுக்கு 200 முதல் 500 பேர்வரை முன்பதிவு வாங்கி, அச்சையும் தாங்களே பார்த்துக்கொள்ளப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். கணக்கு புரிவதற்காகக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: டெமி என்ற வழக்கமான நாவல் அளவில் 320 பக்கப் புத்தகம், 300 ஆதரவாளர்கள், தலைக்கு ₹400, அச்சிடுவது 500 பிரதி.

பணம் வாங்குவதற்கு முன்

முதலில் நாவலை எழுதி முடியுங்கள். பாதி எழுதியிருக்கும்போது பணம் வாங்கினால், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் "இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்பதாகவே இருக்கும். அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2022 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டரில் நான்கு நாவல்களுக்கு 4 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். அந்த நான்கையும் அறிவிப்பதற்கு முன்பே எழுதி வைத்திருந்தார். அடுத்த ஆண்டே வரிசையாகக் கொடுக்க முடிந்ததற்கு அதுதான் முக்கியக் காரணம். முழு வரைவு கையில் இருந்தால் நீங்கள் சொல்லும் தேதி பிரதியைச் செம்மைப்படுத்தும் ஆசிரியர் (எடிட்டர்), வடிவமைப்பாளர், அச்சகம் ஆகியோரைப் பொறுத்தது. அதைக் கணக்கிட முடியும். எழுத்து எப்போது வரும் என்பதை யாராலும் கணக்கிட முடியாது.

அடுத்தது பதிவுப் படிவம். கூகுள் ஃபார்மில் பெயர், கைபேசி, மின்னஞ்சல், பின்கோடுடன் முகவரி, யு.பி.ஐ. பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கேளுங்கள். யு.பி.ஐ.யில் பணம் அனுப்புகிற பலர் குறிப்பில் பெயர் எழுதுவதில்லை. மகன் கணக்கிலிருந்து அப்பா கட்டியிருப்பார். 12 இலக்கப் பரிமாற்ற எண் இருந்தால்தான் வங்கிப் பட்டியலில் ஆளைக் கண்டுபிடிக்க முடியும். பட்டியலை எக்செலில் வைப்பதானால் அந்த எண் வரும் நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் 12 இலக்கத்தை அது சுருக்கி 4.12E+11 என்பதுபோல் காட்டும். ஒவ்வொருவருக்கும் 1 முதல் 300 வரை ஒரு வரிசை எண் கொடுங்கள். கடைசிப் பொட்டலம் போகும்வரை அந்த எண்தான் உங்களுக்கு ஆதாரம்.

கடிதத்தை எதில் அனுப்புவது? வாட்சப் குழு வேண்டாம். 300 பேரின் கைபேசி எண்ணும் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும். ஒருவர் குறை சொன்னால் குழு முழுக்க அதே பேச்சாகிவிடும். ஒரே சேதியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் இரண்டு சிக்கல்: ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேரும், உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே சேதி போகும். "எனக்கு ஒன்றுமே வரவில்லையே" என்பவர்களில் பலர் எண்ணைப் பதியாதவர்கள். அதனால் மின்னஞ்சலை முதன்மையாக வைத்து, வாட்சப்பில் "3-ஆவது கடிதம் அனுப்பியாயிற்று, மின்னஞ்சலைப் பாருங்கள்" என்று ஒரு வரி போடுவது நல்லது. மின்னஞ்சல் முகவரிகளை பி.சி.சி. பெட்டியில் போடுங்கள், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு அனுப்பலாம். 300 பேருக்கு அது தாராளம்.

பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கில் கலந்த பணம் எவ்வளவு மீதம் என்று நான்காவது மாதத்தில் உங்களுக்கே தெரியாது. பதிப்பகமோ இணையதளமோ உங்களுக்காகப் பணம் திரட்டுவதானால், அந்தப் பணம் யார் கணக்கில் இருக்கும், எப்போது அச்சகத்துக்குப் போகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாசகர் நிதியில் புத்தகம் போடுவதற்கென்றே 2011-இல் தொடங்கிய பிரிட்டனின் அன்பவுண்ட் நிறுவனம் 2025 மார்ச்சில் நொடித்துப்போனது. பணம் கட்டியவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் எழுத்தாளர்கள் நின்றார்கள், பணமோ அவர்கள் கையில் இல்லை. கிக்ஸ்டார்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை: இந்திய வங்கிக் கணக்கை வைத்து அதில் திட்டம் தொடங்க முடியாது. சிங்கப்பூர், கனடா, பிரிட்டன், நார்வே போன்ற நாடுகளில் இருக்கும் தமிழ் எழுத்தாளர்கள் தொடங்கலாம்.

தேதி சொல்வதற்கு முன் வாரங்களை எண்ணுங்கள்

முழு வரைவு கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்போம். ஆசிரியர் படித்துக் குறிப்பெழுத 6 வாரம். அதை வைத்து நீங்கள் திருத்தி எழுத 4. பக்க வடிவமைப்பு 2. முதல் மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்தப் பார்க்கும் படி) 2. திருத்தங்களை ஏற்றி இரண்டாம் மெய்ப்புப் பார்க்க 2. அட்டையும் பெயர்ப் பட்டியலும் முடிந்து கோப்பு இறுதியாக 1. அச்சு, பைண்டிங் 3. பொட்டலம் கட்டி அனுப்ப 2. மொத்தம் 22 வாரம். எல்லோரும் சொன்ன நாளில் வேலையை முடித்தால் வரும் கணக்கு இது. இதோடு பாதியைக் கூட்டி 33 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் தேதி ஆரம்பித்தால் 22 வாரம் ஆகஸ்ட் தொடக்கத்தில் முடியும், 33 வாரம் அக்டோபர் நடுவில் முடியும். ஆதரவாளர்களிடம் "அக்டோபர் இறுதி" என்று சொல்லுங்கள். ஆகஸ்ட் என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

அச்சகத்தின் பருவங்களையும் பார்க்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் காலண்டர், டைரி வேலையோடு ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கான புத்தகங்களும் குவியும். 500 பிரதி போடும் புது ஆளின் வேலை அந்த நேரத்தில் ஓரமாகத்தான் கிடக்கும். தீபாவளிக்கு பைண்டிங் ஆட்கள் ஊருக்குப் போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் தாள் வளையும். தேர்தல் வந்தால் நோட்டீஸ் வேலைக்குத்தான் முதலிடம். பொங்கல் கழிந்த பிறகு அச்சகங்கள் கொஞ்சம் மூச்சு விடும். அக்டோபரைத் தவறவிட்டால் அடுத்த தேதி நவம்பர் அல்ல, பிப்ரவரி. முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லிவிடலாம். வாசகர்களில் பலருக்கு இந்த விவரம் தெரியாது, ஆர்வமாகப் படிப்பார்கள்.

ஒரு கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

மாதத்தின் முதல் ஞாயிறு என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்று தவறாமல் அனுப்புங்கள். சொல்ல ஒன்றுமில்லாத மாதத்தில் நான்கு வரி போதும், ஆனால் கடிதம் போக வேண்டும். அச்சகத்துக்குப் போன பிறகு 15 நாளைக்கு ஒன்று. பொட்டலம் அனுப்பும் வாரத்தில் நாளுக்கு ஒரு வரி.

கடிதத்தில் நான்கு செய்திகள் வேண்டும். போன கடிதத்துக்குப் பிறகு எது முடிந்தது, எது நிற்கிறது, ஏன் நிற்கிறது, அடுத்த கடிதம் என்றைக்கு. நாவல் எப்படிப் பிறந்தது, எந்த மழை இரவில் எழுதினீர்கள் என்பதெல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஐந்து பத்தி மனநிலை, கடைசியில் "விரைவில் வரும்." அந்த 'விரைவில்' எந்தத் தகவலும் தருவதில்லை. அதை எழுதத் தோன்றும் இடத்திலெல்லாம் ஒரு தேதியோ ஒரு பக்க எண்ணோ போட முடியுமா என்று பாருங்கள்.

ஜூன் மாதக் கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். இது 3-ஆவது நிலவரக் கடிதம். பக்க வடிவமைப்பு முடிந்தது. நாவல் 308 பக்கம். முகப்புப் பக்கங்கள் 6, உங்கள் பெயர்கள் 5 பக்கம், கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம். ஆக 320-இல் நிற்கும். முதல் மெய்ப்பு மே 25 அன்று தாளில் கைக்கு வந்தது. 140-ஆம் பக்கம்வரை பார்த்தாயிற்று. ஒரு பிழை அகப்பட்டது: அக்காவுக்கு 1978-இல் 12 வயது என்று ஓரிடத்தில் இருக்கிறது, 1985-இல் 17 என்று இன்னோரிடத்தில். 19 என்று திருத்துகிறோம். அட்டை ஓவியம் இன்னும் வரவில்லை. ஓவியர் ஜூன் 20 என்று சொல்லியிருக்கிறார். அதனால் மெய்ப்பு வேலை நிற்காது. புத்தகம் அக்டோபர் இறுதி என்பதில் மாற்றமில்லை. அடுத்த கடிதம் ஜூலை முதல் ஞாயிறு."

ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். அந்த அக்காவின் வயதைப் பாருங்கள். கதையைக் கெடுக்காமல், வேலை உண்மையாகவே நடக்கிறது என்று காட்டும் விவரம் அது. இப்படி ஒன்று ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கட்டும். சிவப்பு மையில் திருத்திய ஒரு பக்கத்தின் படம், அட்டையின் பென்சில் வரைவு, இரண்டு தாள் மாதிரிகள் பக்கத்தில் பக்கத்தில் என எதுவாகவும் இருக்கலாம். படத்துக்குக் கதைத் திருப்பம் இல்லாத பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். முழு பி.டி.எஃப். யாருக்கும் போகக் கூடாது. நெருங்கிய நண்பருக்கு அனுப்பியதுதான் மறுவாரம் டெலிகிராமில் சுற்றும்.

விழுக்காடு சொல்வதில் கவனம் வேண்டும். "90% முடிந்தது" என்றால் படிப்பவர் அடுத்த மாதம் புத்தகம் வரும் என்று நினைப்பார். நீங்கள் சொன்னதோ முதல் வரைவின் 90%. சாண்டர்சன் தன் தளத்தில் முன்னேற்றத்தை விழுக்காட்டில் காட்டும்போது அது எத்தனையாவது வரைவு என்பதையும் சேர்த்தே போடுவார். நீங்களும் "இரண்டாம் மெய்ப்பு, 320-இல் 200 பக்கம்" என்று கட்டத்தின் பெயரோடு சொல்லுங்கள்.

எந்தக் கட்டத்தில் எது உடையும்

ஆசிரியர் கட்டத்தில் உடைவது பக்க எண்ணிக்கை. அச்சகத்தில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். 320 பக்கம் என்பது 20 ஃபாரம். திருத்தி எழுதும்போது இரண்டு அத்தியாயம் கூடி 368 ஆகிவிட்டால் 23 ஃபாரம். தாள், பிளேட் (அச்சுத் தகடு), வடிவமைப்பு என எல்லாச் செலவும் ஏறும். கடிதத்தில் பக்க எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் குறிப்பிட்டுக்கொண்டே வந்தால், செலவு ஏறும்போது காரணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

வடிவமைப்பில் தமிழுக்கே உரிய ஆபத்து எழுத்துரு. யூனிகோடில் எழுதியதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், 'ஸ்ரீ' உடையும், 'கௌ' என்பது 'கெள' ஆகிவிடும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடிலேயே கட்டினாலும், அதிலுள்ள வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்துகள் சிதறும். முழு நாவலையும் கட்டுவதற்கு முன் கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ, ஃப எல்லாம் வருகிற ஒரு பக்கத்தை மட்டும் கட்டி, அச்செடுத்துப் பாருங்கள். இந்தச் சோதனை அரை மணி நேரம்; விட்டால் பின்னால் ஐந்து வாரம் போகும்.

மெய்ப்பைத் திரையில் பார்க்காதீர்கள், தாளில் பாருங்கள். முதல் மெய்ப்பை உங்களைத் தவிர இன்னொருவரும் பார்க்க வேண்டும். இரண்டாம் மெய்ப்பில் வாக்கியத்தை அழகுபடுத்தும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். 40-ஆம் பக்கத்தில் சேர்க்கும் இரண்டு வரி அத்தியாயத்தின் கடைசியில் புதுப் பக்கம் ஒன்றைத் திறக்கும், அது ஃபாரக் கணக்கைக் கெடுக்கும்.

அட்டை அழகாக இருந்தும் அச்சுக்குப் போக முடியாமல் நிற்பது முதுகால்தான், அதாவது அலமாரியில் வைத்தால் தெரியும் பக்கத்தால்தான். முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளையும் பொறுத்தது. 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) எடையில், இளமஞ்சள் சாயலுள்ள நேச்சுரல் ஷேட் தாளில் 320 பக்கம், அதாவது 160 தாள், ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் வரும். சரியான அளவை அச்சகத்தில் அதே தாளில் டம்மி (அச்சிடாத மாதிரிப் புத்தகம்) கட்டச் சொல்லி அளக்க வேண்டும். பின்னட்டையில் ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான பன்னாட்டு அடையாள எண்) பார்கோடும் வேண்டும். அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமை இணையவழி இலவசமாகத் தருகிறது. ஆசிரியரிடம் பிரதி போன அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். மூன்று அட்டைகளைப் போட்டு வாக்கெடுப்பு நடத்துவது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தோற்ற அட்டைக்கு வாக்களித்த நூறு பேர் மனக்குறையோடு காத்திருப்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டுங்கள், போதும்.

ஆதரவாளர் பெயர்ப் பட்டியலுக்கு ஒரு கடிதம் தனியாக ஒதுக்குங்கள். புத்தகத்தில் தன் பெயரைத் தப்பாகப் பார்ப்பவரின் வருத்தம் நாவலில் உள்ள நூறு அச்சுப்பிழையைவிடப் பெரியது. படிவத்தில் ஆங்கிலத்தில் வந்த பெயரை நீங்களாகத் தமிழாக்காதீர்கள். தனலட்சுமியா தனலக்ஷ்மியா, முதலெழுத்து தமிழிலா ஆங்கிலத்திலா, பெயரே வேண்டாமா என்று அவரிடமே கேளுங்கள். தயாரித்த பட்டியலை வரிசை எண் இல்லாமல், பெயர் மட்டும் வைத்து எல்லோருக்கும் அனுப்பி, பத்து நாள் அவகாசம் கொடுத்து மூடிவிடுங்கள். இரண்டு பத்தியில் பக்கத்துக்கு 70 பெயர் என்றால் 300 பேருக்கு 5 பக்கம். ஃபாரக் கணக்கில் பலர் மறப்பது இந்த ஐந்து பக்கத்தைத்தான்.

கணக்கு

இரண்டு முறை கணக்குக் காட்டுங்கள்: கோப்பு அச்சகத்துக்குப் போகும்போது ஒன்று, கடைசியில் ஒன்று. நம் உதாரணத்தில் வரவு ₹1,20,000. செலவை இப்படி எழுதலாம்: ஆசிரியர் ₹15,000, வடிவமைப்பு பக்கத்துக்கு ₹30 வீதம் ₹9,600, மெய்ப்பு பக்கத்துக்கு ₹20 வீதம் ₹6,400, அட்டை ₹6,000, அச்சும் பைண்டிங்கும் 500 பிரதிக்கு ₹130 வீதம் ₹65,000, உறையும் அஞ்சலும் 300 பேருக்கு ₹35 வீதம் ₹10,500. மொத்தம் ₹1,12,500, மீதம் ₹7,500. விலைகள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் அச்சகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மீதம் எவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். முன்சொன்ன மூன்று ஃபாரம் கூடினாலே இது கரைந்து கையைக் கடிக்கும்.

கையிலிருந்து போட நேர்ந்தால் கடிதத்தில் அதை ஒரு வரியில் சொன்னால் போதும். ஆதரவாளர்களிடம் மறுபடி பணம் கேட்காதீர்கள். மிச்சமாகும் பிரதிகளின் விற்பனையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தாமதத்தைச் சொல்வது

தாமதம் நிச்சயமானதும் அன்றைக்கே எழுதுங்கள். முதல் ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம். முதல் வரியே செய்தியாக இருக்கட்டும்:

"புத்தகம் அக்டோபரில் வராது. பிப்ரவரி 28-க்குள் அனுப்புவேன். எழுத்துரு மாற்றத்தில் 60 பக்கங்களில் கொம்பும் காலும் இடம் மாறியிருந்ததை இரண்டாம் மெய்ப்பில் கண்டோம். யூனிகோடில் மறுபடி கட்டி, மெய்ப்புப் பார்க்க ஐந்து வாரம் ஆகும். அது முடியும்போது அச்சகத்தில் புத்தகக் காட்சி வேலை நெருக்கும். பொங்கல் கழிந்து ஜனவரி 20 அன்று பிளேட் போட நாள் தந்திருக்கிறார்கள். பணம் திரும்ப வேண்டுபவர்கள் இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்கள். 7 நாளில் ₹400 முழுதும் வரும். காரணம் சொல்ல வேண்டியதில்லை."

வடிவமைப்பாளரின் பெயரும் அவர்மேல் பழியும் இதில் இல்லை. பணம் வாங்கியது நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. உடல்நலமோ குடும்பத்தில் துக்கமோ காரணமானால் "வீட்டில் ஒரு மரணம், ஆறு வாரம் வேலை நின்றது" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். யாரும் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். புதுத் தேதியைக் கணக்கிடும்போதும் பாதியைக் கூட்டுங்கள். முதல் தாமதத்தைப் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். நம்பிக்கை போவது இரண்டாவது தேதியும் தவறும்போதுதான். பணம் திரும்பக் கேட்பவரிடம் வாதாடாதீர்கள். அனுப்பிவிட்டு, பரிமாற்ற எண்ணைப் பட்டியலில் குறித்துக்கொண்டு, பெயர்ப் பக்கத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று மட்டும் கேளுங்கள்.

அடிக்கடி நடக்கும் ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். முன்பதிவு செய்தவர் வீட்டுக்குப் பொட்டலம் போகும் முன்பே அதே புத்தகம் புத்தகக் காட்சிக் கடையில் 10% தள்ளுபடியில் விற்கும். முதலில் பணம் கட்டியவர் கடைசியில் வாங்குகிறார், அதுவும் கூடுதல் விலையில். இதை எந்தக் கடிதத்தாலும் ஈடுகட்ட முடியாது. 300 பொட்டலமும் அஞ்சலகத்துக்குப் போகும்வரை கடைக்கு ஒரு பிரதிகூடக் கொடுக்காதீர்கள். விலை வேறுபாடு இருந்தால் முன்பதிவு விலைதான் குறைவாக இருக்க வேண்டும்.

அச்சகத்திலிருந்து வீடுவரை

கட்டுகள் வந்ததும் "அச்சாகிவிட்டது" என்று உடனே எழுதத் தோன்றும். ஒரு மணி நேரம் பொறுங்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் இரண்டு பிரதியை எடுத்து, ஃபாரம் மாறும் இடங்களான 16-17, 32-33, 48-49 என்று கடைசிவரை புரட்டுங்கள். ஃபாரம் விடுபட்டாலோ இரட்டித்தாலோ தலைகீழானாலோ அந்த இடங்களில்தான் தெரியும். நடுவில் நன்றாக விரித்துப் பசை விடுகிறதா என்றும் பாருங்கள். குறையுள்ளவற்றை அச்சகம் மாற்றித் தர வேண்டும், ஆனால் இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் நடக்காது. 500-இல் 300 ஆதரவாளர்களுக்கு, 15 மாற்றுப் பிரதிகளாக ஒதுக்கிவையுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். மற்றவைதான் விற்பனைக்கு.

அனுப்புவதற்குப் பத்து நாள் முன்பு எல்லோருக்கும் அவரவர் முகவரியைத் தனித்தனியாக அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மார்ச்சில் கொடுத்த முகவரியில் பிப்ரவரியில் எல்லோரும் இருக்க மாட்டார்கள். வீடு மாறியிருப்பார்கள், விடுதியைக் காலி செய்திருப்பார்கள்.

320 பக்க டெமி புத்தகம் சுமார் 360 கிராம் வரும், உறையோடு 400. அஞ்சல் துறை 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கென ஞான் போஸ்ட் என்ற சேவையை நடத்துகிறது. 300 கிராம்வரை ₹20, 5 கிலோவரை ₹100, இடைப்பட்ட எடைக்கு இடைப்பட்ட கட்டணம், வரி தனி. டிராக்கிங் உண்டு. தரைவழி போவதால் வடமாநிலங்களுக்கு நாள் பிடிக்கும், அதைக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். புத்தகத்தில் பதிப்பாளர் அல்லது அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்பது இந்தச் சேவையின் நிபந்தனை. 300 பொட்டலத்தை ஒரே நாளில் கொண்டுபோய்க் கவுண்டரில் கொட்டாதீர்கள். முந்தின நாளே அஞ்சலக அதிகாரியிடம் பேசி, நாளுக்கு 60, 70 என்று பிரித்துக்கொள்ளுங்கள். அன்று போன வரிசை எண்களை மாலையில் "1 முதல் 65 வரை அனுப்பியாயிற்று" என்று எழுதினால், தன் எண் தெரிந்தவர் போன் செய்ய மாட்டார். அதற்காக அவரவர் எண்ணை முகவரி சரிபார்க்கும் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆதரவாளர்களுக்குத் தபால் செலவை முதலிலேயே தனியாக வாங்குங்கள், தேதியையும் தனியாகச் சொல்லுங்கள். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்காவுக்கான பார்சல்களை இந்திய அஞ்சல் துறை நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. அப்படி நின்றால் மின்னூலை முதலில் கொடுத்து, அச்சுப் பிரதி பின்னால் வரும் என்று எழுதலாம்.

அனுப்பி மூன்று வாரம் கழித்துக் கடைசிக் கடிதத்துக்கு முந்தைய கடிதம்: கிடைக்காதவர்களும் பக்கம் விடுபட்ட பிரதி வந்தவர்களும் சொல்லுங்கள் என்று. பக்கம் விடுபட்டிருந்தால் படம் எடுத்து அனுப்பினால் போதும், பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள். 300-இல் சில பொட்டலங்கள் கதவு பூட்டியிருந்ததால் திரும்பி வரும். அவற்றைக் கடையில் விற்றுவிடாமல் எண் எழுதித் தனியே வையுங்கள். ஆறு மாதம் கழித்துக்கூட ஆள் வந்து கேட்பார். அவையும் போய்ச் சேர்ந்த பிறகு, இறுதிக் கணக்கோடு கடைசிக் கடிதத்தை அனுப்பிவிட்டு, 300 பேரின் முகவரியும் பரிமாற்ற எண்களும் இருக்கும் கோப்பை அழித்துவிடுங்கள். அடுத்த நாவலுக்குச் சேதி வேண்டும் என்று தாங்களாகச் சொன்னவர்களின் மின்னஞ்சலை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.